18 வயதில் முதல் கேப், 24 வயதில் முழு ஆட்டம்: இங்கிலாந்தில் பெண்கள் ரக்பி ஒரு தொழிலாக

கேள்வி இது: இங்கிலாந்தில் பள்ளியில் படிக்கும் 15 வயதுப் பெண் ரக்பி யூனியன் (15 பேர் ஆடும் ரக்பி) நன்றாக ஆடுகிறாள். இங்கிலாந்து அணியின் ஃபுல்-பேக் எல்லி கில்டனைப் போல அதையே பிழைப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? எந்த வயதில் என்ன நடக்க வேண்டும், எங்கே சறுக்கும்?

முடியும். 2014-இல் கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் கனடாவை 21-9 என்று தோற்கடித்து உலகக் கோப்பையைத் தூக்கிய இங்கிலாந்து அணியின் கேப்டன் கேட்டி டேலி-மெக்லீன் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சோஃபி ஹெமிங் கால்நடை மருத்துவர். மார்லி பாக்கர் ப்ளம்பர். 2025 செப்டம்பர் 27 அன்று ட்விக்கன்ஹாமில் உலகக் கோப்பை இறுதியில் அதே கனடாவை 33-13 என்று வென்றபோது மைதானத்தில் 81,885 பேர் இருந்தார்கள். களத்தில் இருந்த இங்கிலாந்துப் பெண்களுக்கு ரக்பியே வேலை. நடுவில் 11 ஆண்டுகள்தான்.

ஆனால் ‘முடியும்’ என்பதன் அளவு தெரிய வேண்டும். பணம் வருவது இரண்டு வழிகளில். ஒன்று, ஆர்எஃப்யு என்கிற இங்கிலாந்து ரக்பி சங்கம் தேசிய அணியில் உள்ளவர்களுக்குத் தரும் முழுநேர ஒப்பந்தம். மற்றது கிளப் சம்பளம். உயர்மட்ட லீக்கான பிரீமியர்ஷிப் விமன்ஸ் ரக்பியில் 2024-25 பருவத்தில் ஆடியவை ஒன்பது அணிகள்: பிரிஸ்டல், எக்ஸிடர், க்ளோஸ்டர்-ஹார்ட்பரி, ஹார்லெக்வின்ஸ், லெஸ்டர், லஃப்பரோ, சேல், சரசன்ஸ், ட்ரெயில்ஃபைண்டர்ஸ். தேசிய ஒப்பந்தம் உள்ளவர் ரக்பியை மட்டும் வைத்து வாழலாம். கிளப் சம்பளம் மட்டும் உள்ளவர்களில் பலர் கூடவே வேலை பார்க்கிறார்கள், அல்லது படிக்கிறார்கள். ஆக, பிழைப்பு நடத்துமளவு சம்பாதிக்கும் இடங்கள் நாடு முழுவதற்கும் மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

அந்தப் பணமும் நிலையாக வந்ததில்லை. 2017 உலகக் கோப்பைக்காக 15 பேர் ஆட்டத்துக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்தார்கள். கோப்பை முடிந்ததும் அதை நீட்டிக்காமல், பணத்தை எழுவர் ஆட்டமான செவன்ஸ் பக்கம் திருப்பினார்கள். 2019 ஜனவரியில் மறுபடி 28 பேருக்கு 15 பேர் ஆட்டத்துக்கான முழுநேர ஒப்பந்தம் வந்தது. 2020 ஆகஸ்டில், கோவிட் நெருக்கடியில், செவன்ஸ் ஒப்பந்தங்கள் மொத்தமாக முடிவுக்கு வந்தன. மூன்று ஆண்டுகளில் காற்று மூன்று முறை திசை மாறியிருக்கிறது. 2023-இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், டார்லிங்டன் பக்கத்து டிஎம்பி ஆகிய அணிகளும் லீக்கிலிருந்து மறைந்தன. வூஸ்டரும் வாஸ்ப்ஸும் பெண்கள் சரியாக ஆடாததால் போகவில்லை, ஆண்கள் கிளப்பின் கடன் இழுத்துக்கொண்டு போனது. எந்தக் கிளப்பில் சேர்ந்தாலும் தாய்க் கிளப்பின் நிதி நிலைமையை விசாரிக்கச் சொல்வது இதனால்தான்.

இனி வயது வாரியாக.

இங்கிலாந்தில் 11 வயதுக்குட்பட்ட பிரிவு வரை பெண்களும் பையன்களும் சேர்ந்தே ஆடலாம். அதற்குப் பிறகு 12, 14, 16, 18 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவுகள். முதல் ஓட்டை இங்கேதான் விழுகிறது. பையன்களோடு ஆடி வளர்ந்த பெண்ணுக்கு 12 வயதில் ஊரில் பெண்கள் அணியே இல்லாமல் போகலாம். கில்டன் மேற்கு யார்க்‌ஷயரில் கீத்லி பக்கத்துப் பெண். 1999 செப்டம்பரில் பிறந்தவர். கீத்லி ஆல்பியன் என்ற ரக்பி லீக் கிளப்பில் பையன்களுக்கு நடுவே தொடங்கினார். யூனியன் பிறகு வந்தது. (லீக் என்பது 13 பேர் ஆடும் வேறு ஆட்டம். பந்தோடு ஓடவும் நேருக்கு நேர் டாக்கிள் செய்யவும், அதாவது பந்தோடு வருகிறவரைப் பிடித்துச் சாய்க்கவும், அங்கே கற்றது இங்கே அப்படியே செல்லும்.) பெண்கள் அணிக்காகத் தூரத்துக் கிளப்புக்கு வாரம் இரண்டு முறை காரில் கூட்டிப் போகப் பெற்றோர் தயாராக இருந்தார்களா என்பது, அந்த வயதில் திறமையைவிடப் பெரிய விஷயம்.

அதற்காக 6 வயதில் தொடங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. 2025 இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் சாடியா கபேயா, தெற்கு லண்டனில் பள்ளியில்தான் ரக்பிப் பந்தை எடுத்தார். அங்கே உடற்கல்வி சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர், பின்னால் இங்கிலாந்துக்கு ஆடிய பிரையனி க்ளீல். 13, 14 வயதில் நெட்பால், தடகளம், ஜூடோ, கால்பந்து என்று ஆடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ரக்பி பழக ஓராண்டு போதும். அந்த வயதில் ஒரே ஆட்டத்தில் முடங்கிப்போகாமல் இருப்பதே நல்லது. ஜூடோவில் விழக் கற்றவள் டாக்கிளில் தலையை அடித்துக்கொள்வது குறைவு. நெட்பால் ஆடியவள் தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடிப்பாள்.

16 வயதில் நடப்பது ஓரளவு தெளிவானது. லீக் அணிகளோடு இணைந்த 18 வயதுக்குட்பட்டோர் பயிற்சி மையங்கள் உண்டு. கவுண்டி, வட்டார அணிகள் வழியாகவோ, கிளப் பயிற்சியாளர் எழுதி அனுப்புவதன் மூலமோ தேர்வுக்குப் போகலாம். ரக்பியும் படிப்பும் ஒரே வளாகத்தில் உள்ள கல்லூரிகளில் முதலில் சொல்ல வேண்டியது க்ளோஸ்டர் பக்கத்து ஹார்ட்பரி. கில்டன் வீட்டை விட்டு அங்கேதான் போனார். அந்த வளாகத்தின் அணிதான் க்ளோஸ்டர்-ஹார்ட்பரி. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸின் 18 வயதுக்குட்பட்டோர் திருவிழா 2022-இல் எடின்பரோவில் தொடங்கியது. 20 வயதுக்குட்பட்டோருக்கான கோடைத் தொடர் 2024-இல்தான், இத்தாலியின் பார்மாவில் வந்தது. அதற்கு முன்பு 18-இலிருந்து பெரியவர்கள் அணிக்கு நேரே ஒரு தாவு தாவ வேண்டியிருந்தது. இப்போது 15 வயதில் இருப்பவளுக்கு அந்தப் படிக்கட்டு இருக்கிறது. பத்து வயது மூத்த அக்காமார்களுக்கு இல்லாத பெரிய வசதி இது.

தேர்வுக்கு வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்ட எண்ணிக்கையை அல்ல. 16 வயதில் பெரிய உடம்புள்ள பெண் யாரும் ட்ரை போடலாம். டாக்கிள் தவறிய அடுத்த மூன்று வினாடியில் என்ன செய்கிறாள், இரண்டு கையாலும் 10 மீட்டர் பாஸ் போகிறதா, பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறாள், 60-ஆவது நிமிடத்திலும் தன் அணிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறாளா என்பதுதான் குறிப்பேட்டில் ஏறும். உடல் தகுதிக்குப் பிராங்கோ என்ற ஓட்டம்: 20, 40, 60 மீட்டர் கோடுகளுக்குப் போய்த் திரும்புவது ஒரு சுற்று, 240 மீட்டர், நிற்காமல் ஐந்து சுற்று, 1,200 மீட்டர். ஃபுல்-பேக், விங் போன்ற வேகத்தின் இடங்களில் ஆடுகிறவள் 5 நிமிடத்துக்குள் முடித்தால் பேச்சு தொடங்கும். முதல் சுற்றை வேகமாக ஓடிவிட்டு மூன்றாவதில் சாய்வதுதான் வழக்கமான தவறு. சுற்றுக்கு ஒரே நேரம், கடைசிச் சுற்றில் மட்டும் கூட்டுவது என்று வைத்துக்கொண்டாலே பலருக்கு 10 வினாடி குறைகிறது.

18 முதல் 21 வரைதான் உண்மையான சோதனை. இந்த ஆட்டத்தை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்று ஆண்டுகளில் போகிறார்கள் என்பது என் கணிப்பு. திறமை இல்லாமல் போவதில்லை. ஒரே நேரத்தில் நான்கு சுமைகள் ஏறுகின்றன: முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழகம், வீட்டை விட்டு வாழ்வது, 28 வயதுப் பெண்களின் உடம்போடு மோதுவது, சம்பளம் இல்லாமல் அல்லது பேருக்கு ஒரு சம்பளத்தில் வாரம் நான்கு ஐந்து நாள் பயிற்சி.

ஒரு போட்டி வாரம் இப்படி இருக்கும். சனி ஆட்டம். ஞாயிறு நீச்சல், நடை, தூக்கம். திங்கள் வீடியோ பார்த்தல், ஜிம்மில் கால் பயிற்சி. செவ்வாய் மோதல் பயிற்சி. புதன் விடுமுறை, அதாவது கல்லூரி. வியாழன் வேகமான அணிப் பயிற்சி, மேல் உடம்பு ஜிம். வெள்ளி அரை மணி நேரம் ஒத்திகை. இதில் மோதலுக்கு வேர்ல்ட் ரக்பி 2021-இல் வெளியிட்ட வரம்பு உண்டு: முழு வேக மோதல் வாரத்துக்கு மொத்தமே 15 நிமிடம், அதுவும் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, திங்களும் வெள்ளியும் அறவே கூடாது, கட்டுப்படுத்திய மோதல் 40 நிமிடம், ஸ்க்ரம் (இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்துத் தள்ளுவது), லைன்-அவுட் (பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு வரிசையாக நின்று தாவுவது) போன்றவை 30 நிமிடம். இளம் ஆட்டக்காரிக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. அவள் கிளப்புக்கும் ஆடுவாள், பல்கலைக்கழக அணிக்கும் புதன்கிழமை ஆடுவாள், வயதுப் பிரிவு முகாமுக்கும் போவாள். மூன்று பயிற்சியாளர்களும் தனித்தனியே வரம்புக்குள் இருப்பார்கள். அவள் உடம்பில் மட்டும் மூன்றும் கூடிவிடும். எழுதிவைக்க வேண்டியவள் அவள்தான். ஃபோனில் ஒரு அட்டவணை: தேதி, நிமிடம், மோதல் உண்டா, 10-க்கு எவ்வளவு கடினம். நிமிடத்தைக் கடின எண்ணால் பெருக்கி வாரத்துக்குக் கூட்டினால் சுமை கிடைக்கும். முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட இந்த வாரம் ஒன்றரை மடங்கு என்றால், அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் காட்டி ஓர் ஆட்டத்தை விடச் சொல்லலாம். வாயால் ‘களைப்பாக இருக்கிறது’ என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எண்ணைக் காட்டினால் நின்று பார்ப்பார்கள்.

எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பதைப் பொறுத்து இந்தக் காலம் நீளும். ஃபுல்-பேக், விங் ஆகியவை வேகத்தின் இடங்கள். சிலர் 18-லேயே தயார். நியூசிலாந்தின் ப்ராக்ஸ்டன் சோரன்சன்-மெக்கீ 18 வயதில் 2025 உலகக் கோப்பை ஆடி 11 ட்ரை போட்டார். தொடரில் அதிகம் அவருடையதுதான். ஆனால் அந்த உதாரணத்தை ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் ப்ராப் ஆட்டக்காரியிடம் காட்டுவது அநியாயம். 19 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் ஸ்க்ரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்பது விதி. பெரியவர்கள் ஆட்டத்தில் அந்த எல்லை கிடையாது. எனவே இளம் ப்ராப் ஒருத்தி, நிற்காமல் பின்னோக்கித் தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்பதையே 18, 19 வயதில்தான் முதன்முதலாக உணர்கிறாள். இடுப்பைவிடத் தோள் தாழ்ந்துபோனால் ஸ்க்ரம் சரியும். சரிந்தால் கழுத்துக்கு ஆபத்து, எதிரணிக்குப் பெனால்டி. ப்ராப்புகள் 24, 25-இல் கனிந்து 33, 34 வரை ஆடுவது சாதாரணம். இங்கிலாந்தின் சாரா பெர்ன் ஸ்க்ரம்மின் பின்வரிசை ஃபார்வர்டாக இருந்து ப்ராப்பாக மாறியவர். பந்தோடு ஓடும் பழக்கம் அவரோடு முன்வரிசைக்கு வந்தது. 19 வயதில் பயிற்சியாளர் ‘இடத்தை மாற்றிப் பார்க்கலாமா’ என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். 23 பேர் கொண்ட போட்டி அணியில் ஆறு பேராவது முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். விங்குக்குப் போட்டி அதிகம், முன்வரிசைக்கு ஆள் தேவை அதிகம். வேலைச் சந்தைக் கணக்கு அது.

கில்டனின் பாதையில் பலர் கவனிக்காத பகுதி நடுவில் உள்ளது. 2017 நவம்பரில், 18 வயதில், கனடாவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதல் கேப் (தேசிய அணிக்கு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு கேப்), அன்றே ட்ரை. அதோடு நிலைத்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். அதற்குப் பிறகு கிளப் மாறினார்: க்ளோஸ்டர்-ஹார்ட்பரி, வாஸ்ப்ஸ், ஹார்லெக்வின்ஸ். செவன்ஸும் ஆடினார். 2022 நவம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 15-ஆம் எண் சட்டை அவருடையது. உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது 2024-இல், 25 வயதில். அதே ஆண்டின் சிக்ஸ் நேஷன்ஸில், 24 வயதில், 9 ட்ரை, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். முதல் கேப்புக்கும் அந்த விருதுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அவருக்குப் பின்னால் எம்மா சிங் போன்ற ஒருவர், கோல் உதைக்கவும் தெரிந்தவர், காத்துக்கொண்டே இருக்கிறார். வேறு பல நாடுகளில் பிறந்திருந்தால் அவர் நேரே முதல் அணியில் இருந்திருப்பார். இங்கிலாந்தில் காத்திருப்பதும் தொழிலின் ஒரு பகுதி.

செவன்ஸா, 15 பேர் ஆட்டமா என்ற கேள்வி 18-இல் வரும். செவன்ஸ் ஏழு ஏழு நிமிடம் இரண்டு பாதி, அதே பெரிய மைதானம். ஓடும் தூரமும் திறந்த வெளியில் ஒற்றைக்கு ஒற்றை டாக்கிளும் ஃபுல்-பேக்குக்கு அருமையான பள்ளிக்கூடம். ஒலிம்பிக்கும் அங்கேதான் இருக்கிறது. கில்டனும் மெக் ஜோன்ஸும் 2024 பாரிஸில் பிரிட்டன் அணிக்கு ஆடினார்கள். ஆனால் செவன்ஸுக்காக 4, 5 கிலோ குறைத்த உடம்பை 15 பேர் ஆட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவரச் சில மாதம் பிடிக்கும். வருடத்துக்கு மூன்று முறை மாறி மாறிப் போகிறவர்கள் தொடைத் தசையைக் கிழித்துக்கொள்வதைப் பார்க்கலாம். ஒரு பருவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஃபார்வர்டாக இருந்தால், பின்வரிசையைத் தவிர, செவன்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது காயம். இதைச் சுருக்கிச் சொல்ல முடியாது.

பெண்களுக்கு முழங்காலின் முன் குறுக்குத் தசைநார், அதாவது ஏசிஎல், கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பல மடங்கு என்பது பல ஓட்ட ஆட்டங்களில் பார்த்த விஷயம். ரக்பியில் பல கிழிவுகள் யாரும் தொடாமலேயே நடக்கின்றன: ஓடிவந்து திடீரென்று பக்கவாட்டில் வெட்டும்போது முழங்கால் உள்ளே சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து நின்றுவிடும். கிழிந்தால் அறுவை, பிறகு 9 முதல் 12 மாதம். ‘டாக்டர் ஆறு மாதம் சொன்னார்’ என்று ஏழாம் மாதம் களமிறங்குகிறவர்கள்தான் மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது காட்ட வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் சோதனையிலும் அப்படியே. தடுக்க வழி இருக்கிறது. ஆர்எஃப்யுவும் பாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஆக்டிவேட்’ என்ற தயார்ப்படுத்தும் பயிற்சி: சுமார் 20 நிமிடம், ஓட்டமும் திசைமாற்றமும், ஒற்றைக்கால் சமநிலை, கழுத்துக்கும் தோளுக்குமான பலப் பயிற்சி, தாவி இறங்குதல். பள்ளிப் பையன்களிடம் சோதித்தபோது வாரம் மூன்று முறையாவது செய்தவர்களுக்குக் காயம் 72 சதவீதம், தலை அதிர்ச்சி (கன்கஷன்) 59 சதவீதம் குறைந்தது. வாரம் ஒரு முறை செய்தால் பெரிய பயன் இல்லை. கிளப்பில் இரண்டு நாள்தான் பயிற்சி என்றால் மூன்றாவதை வீட்டு வாசலில் செய்ய வேண்டும். அதோடு செயற்கைப் புல்லில் நீண்ட ஸ்டட் உள்ள பூட்ஸ் போடாதிருப்பது; சிறு முனைகள் உள்ள இன்னொரு ஜோடி அவசியம்.

தலை அடுத்தது. தாமதமாக ஆட்டத்துக்கு வந்த பெண்களுக்கு விழத் தெரிவதில்லை. முதுகுப் பக்கம் சாயும்போது கழுத்துக்குப் பலம் இல்லாததால் தலை சாட்டை போல் பின்னே போய்த் தரையில் அடிபடுகிறது. எதிராளி தலையைத் தொடவே இல்லை, ஆனாலும் அதிர்ச்சி. தாடையை மார்போடு ஒட்டி, கைகளை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் உருண்டு விழுவதைப் பாயில் வைத்துப் பழக்க வேண்டும். கழுத்துக்கு: நான்கு கால் நிலையில், துணை ஒருத்தி நெற்றியிலும் பக்கங்களிலும் பிடரியிலும் உள்ளங்கையால் அழுத்த, தலை அசையாமல் 10 வினாடி தாங்குதல், திசைக்கு மூன்று முறை, வாரம் மூன்று நாள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும். டாக்கிளில், தலை எதிராளியின் உடம்புக்குப் பின்பக்கம் போக வேண்டும். முன்னே போனால் இடுப்பெலும்பு நெற்றியில் மோதும். 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் பள்ளி, ஊர்க் கிளப் போன்ற சமூக மட்டத்து ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டாக்கிள் செய்யலாம். உயர்மட்டத்தில் கோடு தோள். நிமிர்ந்து நின்று டாக்கிள் செய்கிற பழக்கத்தின் விலை என்ன என்று தெரிய 2022 இறுதிப் போட்டியைப் பார்த்தால் போதும்: 18-ஆவது நிமிடத்தில் தலைகள் மோதியதற்காக இங்கிலாந்தின் லிடியா தாம்ப்சனுக்குச் சிவப்பு அட்டை, மீதி ஒரு மணி நேரம் 14 பேரோடு, நியூசிலாந்திடம் 34-31 தோல்வி, தொடர்ந்து 30 வெற்றிகள் என்ற ஓட்டமும் அங்கே நின்றது.

தலை அதிர்ச்சி ஏற்பட்டால் சமூக ஆட்டத்தில் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. மோதல் பயிற்சிக்கு முன் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க வேண்டும். உயர்மட்டத்தில் தனி மருத்துவர் கண்காணிப்பு இருப்பதால் பெரும்பாலோருக்குக் குறைந்தது 12 நாள். 2025-இல் கில்டன் செப்டம்பர் 6 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடிபட்டு வெளியேறினார். 14-ஆம் தேதி காலிறுதி ஆடவில்லை. 20-ஆம் தேதி அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக இரண்டு ட்ரை. உலகக் கோப்பைக் காலிறுதியிலேயே உட்காரவைக்கலாம் என்றால், பள்ளிக் கோப்பைக்கு ‘தலைவலி போய்விட்டது’ என்று மறைத்து ஆடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

உணவில் நடக்கும் பிழை ஒன்றே ஒன்றுதான், எல்லோரும் செய்வது: போதுமான அளவு சாப்பிடாதது. 70 கிலோ எடையுள்ளவளுக்குப் புரதம் நாளுக்கு 110 முதல் 140 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. கடினப் பயிற்சி நாளில் மாவுச்சத்து 350 முதல் 490 கிராம். அந்த அளவு சோறோ பாஸ்தாவோ 18 வயதுப் பெண் தட்டில் போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறாள், அதுவும் இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டு. விளைவு மெல்ல வரும்: மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோகும், காலெலும்பில் விரிசல், சளி விடாது, ஜிம்மில் எடை ஏறாது. மாதவிடாய் நிற்பதை ‘நல்ல ஃபிட்னஸ்’ என்று சொல்லும் பயிற்சியாளர் இன்னும் இருக்கிறார். அவரை விட்டு விலகவும். இரும்புச்சத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபின் மட்டும் பார்க்காமல், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும். மாதவிடாய் பற்றி அணியில் வெளிப்படையாகப் பேசும் காலம் வந்துவிட்டது. அயர்லாந்துப் பெண்கள் அணி 2023-இல் வெள்ளை நிக்கரைக் கைவிட்டுக் கருநீலத்துக்கு மாறியதே இதற்காகத்தான்.

புரதப் பொடி வாங்கினால் ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ முத்திரையும் தொகுதி எண்ணும் உள்ளதை மட்டும் வாங்கி, டப்பாவைப் படமெடுத்து வைக்க வேண்டும். கலப்படப் பொடியில் தடைசெய்த பொருள் இருந்தால் ‘தெரியாது’ என்பது முழுத் தப்பிப்பு ஆகாது. தேசிய அளவில் சோதனைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் இரண்டு ஆண்டு வரை தடை. தேர்வுக் காலத்தில் தோழி வீட்டில் தங்கிவிட்டு முகவரியை மாற்ற மறப்பதுதான் மாணவிகள் வழக்கமாக மாட்டுமிடம்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை எல்லோரும் பார்ப்பார்கள். மற்ற வரிகளில்தான் விஷயம். காயப்பட்டால் எத்தனை மாதம் சம்பளம் தொடரும்? ஏசிஎல்லுக்கு 12 மாதம் வேண்டும். ஒப்பந்தம் ஆறு மாதத்தில் நிறுத்த அனுமதித்தால் மீதியை யார் தருவது? அறுவைக்குத் தனியார் மருத்துவக் காப்பீடா, அரசு மருத்துவமனை வரிசையா? தேர்வு நாட்களுக்கு விடுப்பு எழுத்தில் உண்டா? சொந்த விளம்பரத்தில் கிளப்புக்குப் பங்கு உண்டா? பயணச் செலவு? ஆட்டக்காரர்கள் சங்கமான ஆர்பிஏ உறுப்பினர்களுக்கு இதைப் படித்துச் சொல்லும். 18 வயதில் ஏஜெண்டைவிட அதுவே போதும். குழந்தை பெறுவது பற்றியும் தயங்காமல் கேட்கலாம். ஆர்எஃப்யு 2023-இல் கொண்டுவந்த கொள்கைப்படி தேசிய ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. இங்கிலாந்து ஆட்டக்காரி அபி வார்டு 2023 ஜூலையில் மகள் பிறந்து, 17 வாரத்தில் பிரிஸ்டலுக்காகக் களமிறங்கினார். அது அவருடைய வேகம், அளவுகோல் அல்ல.

குடும்பம் வேறு நாட்டிலிருந்து வந்ததென்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த நாடு, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாடு, இல்லையேல் பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்து உரிமை பெற்ற நாடு: இவற்றில் எதற்கும் ஆடலாம். ஆனால் ஒரு நாட்டின் பெரியவர்கள் அணிக்கு ஆடிவிட்டால் அதோடு கட்டப்பட்டாள். 2022-இலிருந்து ஒரே ஒரு முறை, மூன்று ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்து, பிறப்பாலோ பெற்றோர், தாத்தா பாட்டி வழியாகவோ உரிமையுள்ள வேறு நாட்டுக்கு மாறலாம். 18 வயதில் சின்ன நாடு ஒன்று கேப் தருகிறேன் என்று அழைக்கும்போது இந்த மூன்று ஆண்டைக் கணக்கில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து வரிசையில் ஐந்தாவதாக நிற்பதைவிடத் தன் நாட்டுக்கு 50 ஆட்டம் ஆடுவது நல்ல தொழில்வாழ்க்கைதான். கனடா அணி 2025 உலகக் கோப்பைக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக்கொண்டுதான் வந்தது. இறுதி வரை போனது.

படிப்பை விடக் கூடாது என்பது அறிவுரைக்காகச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் எமிலி ஸ்கேரட் 119 கேப், 754 புள்ளி, ஐந்து உலகக் கோப்பை என்று ஆடிவிட்டு 2025 அக்டோபரில் ஓய்வு பெற்றார். அவரே ஒரு காலத்தில் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 2023-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு போல வெளியே இருந்தார். அந்த உயரத்தில் இருப்பவருக்கே ஓர் ஆண்டு இப்படிப் போகும். பிசியோதெரபி, ஆசிரியர் பயிற்சி, விளையாட்டு அறிவியல் போன்ற படிப்புகளை மூன்றுக்குப் பதில் நான்கு அல்லது ஐந்து ஆண்டாக நீட்டிப் படிக்க லஃப்பரோ, ஹார்ட்பரி போன்ற இடங்கள் அனுமதிக்கும். விளையாட்டின் தேசியச் சங்கம் பரிந்துரைத்தால், விளையாட்டு மாணவர்களுக்கான டாஸ் உதவித் திட்டமும் கிடைக்கலாம்.

15 வயதுப் பெண்ணுக்கு இந்தப் பருவத்துக்கான வேலை இவ்வளவே. வயதுப் பிரிவு அணி உள்ள கிளப்பில் ஜூலை, ஆகஸ்டுக்குள் பதிந்துவிடுவது, செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கிவிடும். பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்த வாய்க்காப்பு, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் புதிதாக. வாரம் மூன்று முறை ஆக்டிவேட். இடது கைப் பாஸ் நாளுக்கு 50. ஜிம்மில் முதல் ஆறு மாதம் எடை கூட்டாமல் ஸ்க்வாட், டெட்லிஃப்ட், புல்-அப் ஆகியவற்றின் நிலையை மட்டும் சரிசெய்வது. பயிற்சி மையத்தின் தேர்வு நாள் எப்போது என்று கிளப் பயிற்சியாளரிடம் இப்போதே கேட்டுவைப்பது. அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.